இடுப்பிலிருந்து விழுந்த ஃபோன்கள்: கவரையும் பெல்ட் பவுச்சையும் சோதித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கட்டடப் பராமரிப்புக் குழு ஒன்றில் நடந்தது இது. மொத்தம் ஒன்பது பேர். மின்சாரம், குழாய், ஏசி என்று வேலை பிரிந்திருந்தாலும் ஏணியும் ஃபோனும் எல்லோருக்கும் பொது. வேலை வந்திருக்கிறது என்ற தகவல், முடித்த வேலையின் படம், மீட்டர் அளவு எல்லாமே ஃபோன் வழியாகத்தான் போகும், வரும். ஒன்பது பேருக்கும் ஒரே மாடல்: 6.5 அங்குலத் திரை, கவர் இல்லாமல் சுமார் 200 கிராம் எடை. கூடவே ஆளுக்கொரு மெல்லிய ரப்பர் கவரும், இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப் தாங்கியும் கொடுத்திருந்தோம். கருவிகளையும் பாதுகாப்பு உபகரணங்களையும் கவனிப்பது என் பொறுப்பு.

நான்கு மாதத்தில் ஐந்து திரைகள் உடைந்தன. ஐந்துமே வேலை நேரத்தில். ஃபோன் உடைந்தவர் அன்று முழுவதும் இன்னொருவரின் ஃபோனை நம்பித்தான் வேலை பார்க்க வேண்டும் என்பதால், ஒரு திரை போனால் இரண்டு பேருடைய வேலை தடுமாறும். இதைவிட எனக்குக் கவலையாக இருந்தது வேறு. ஒரு ஃபோன் ஏணியின் உச்சியிலிருந்து விழுந்திருந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் தோளுக்கு ஒரு சாண் தள்ளித்தான் அது தரையில் மோதியது.

முதலில் எடுத்த தவறான முடிவு

ஃபோன் உடைகிறது, அப்படியானால் கவர் போதவில்லை. இப்படித்தான் யோசித்தேன். யாரிடமும் எதுவும் கேட்காமல், உள்ளே மென்மையான டிபியு (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்), வெளியே கெட்டியான பாலிகார்பனேட் என்று இரண்டு அடுக்கு கொண்ட தடித்த கவரை எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியில் 'இராணுவத் தரச் சோதனையில் தேறியது' என்று போட்டிருந்தது, அது எனக்குப் போதுமானதாகப் பட்டது.

மூன்று வாரத்தில் ஆறாவது திரையும் உடைந்தது. அதோடு, ஃபோன்கள் முன்பைவிட அதிகமாக விழ ஆரம்பித்திருந்தன. இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் விழுந்தும் உடையாத ஃபோனைப் பற்றி யாரும் வந்து சொல்வதில்லை. இரண்டு பேர் கிளிப்பையே கழற்றிப் போட்டுவிட்டு ஃபோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். குனிந்தால் நழுவும் இடம் அது.

கேட்டதும் பார்த்ததும்

ஒன்பது பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசினேன். 'எப்படி உடைந்தது?' என்று கேட்டால் எல்லோரும் 'கை தவறிடுச்சு' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன்: விழுவதற்குச் சற்று முன்னால் ஃபோன் எங்கே இருந்தது, உங்கள் கை எங்கே இருந்தது, கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? உடைந்தது, உடையாதது எல்லாம் சேர்த்து 14 முறை விழுந்தது நினைவில் இருந்தது. அவற்றில் 8 முறை, கிளிப்பிலிருந்து எடுக்கும்போதோ திரும்ப வைக்கும்போதோ விழுந்திருக்கிறது. 4 முறை ஏணிப்படியோ வண்டி இருக்கையோ சீட் பெல்ட்டோ கிளிப்பில் இடித்து விழுந்திருக்கிறது. கையில் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நழுவியது 2 முறைதான்.

ஆக, நான் தடித்த கவர் வாங்கிக் கொடுத்தது விழுந்த பிறகு நடப்பதற்கு. ஏன் விழுகிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

குழுவில் வயதில் இளையவரான ஏசி மெக்கானிக் சொன்னதுதான் முழு விஷயத்தையும் திறந்துவிட்டது. "'டக்'குனு சத்தம் கேட்டுச்சு அண்ணே, மாட்டிக்கிச்சுனு நினைச்சுத்தான் கையை விட்டேன்." அவரையே அப்படிச் செய்துகாட்டச் சொல்லி, தரையில் மெத்தை போட்டு, பக்கத்தில் குனிந்து பார்த்தேன். கிளிப் தாங்கியில் ஃபோனின் கீழ்ப்பக்கத்தை முதலில் செருகி, மேல்பக்கத்தை அழுத்த வேண்டும். மேலே இருக்கும் கொக்கி ஃபோனின் விளிம்பைத் தாண்டி விழும்போது ஒரு 'டக்' வரும். ஆனால் கீழ் மூலை தாங்கியின் அடியில் போய் உட்காரும்போதும் கிட்டத்தட்ட அதே 'டக்' வருகிறது. நான் கொடுத்த தடித்த கவரில், மேல் கொக்கி விளிம்பைத் தாண்டாமல் விளிம்பின் மேலேயே ஏறி நின்றுவிடுகிறது. பார்த்தால் மாட்டியது போலவே இருக்கிறது. இரண்டு அடி நடந்தால் போதும், விழுந்துவிடும்.

அந்தத் தாங்கி மெல்லிய கவரின் அளவுக்குச் செய்தது. கவரை மாற்றிய நான் தாங்கியை மாற்றவில்லை. இரண்டும் ஒரே பொருளின் இரண்டு பாதி என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

கவர் சோதனை

இந்த முறை எதையும் மொத்தமாக வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். பழுதுபார்க்க முடியாமல் ஒதுக்கிய அதே மாடல் ஃபோன்கள் இரண்டு இருந்தன. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து பேட்டரியை எடுத்துவிட்டு, அதே எடைக்கு இரும்புத் தகடு வைத்து மூடச் சொன்னோம். இதில் சமரசமே வேண்டாம் என்பேன். அடிபட்டு நசுங்கிய லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடியது, திரும்பத் திரும்பப் போட்டு அடிக்கும் சோதனையில் அது உள்ளே இருக்கக் கூடாது.

'இராணுவத் தரம்' என்ற சொல்லையும் கொஞ்சம் தேடிப் படித்தேன். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-ஸ்டாண்டர்ட் 810 என்ற சோதனைக் கையேட்டைத்தான் அது குறிக்கிறது. அதன் விழுதல் சோதனையில் பொருளை 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போடுகிறார்கள்: 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை. விழும் தளம் கான்கிரீட்டின் மேல் வைத்த 5 செ.மீ. ஒட்டுப்பலகை (பிளைவுட்). அந்த 26 முறையையும் ஒரே பொருள் தாங்க வேண்டியதில்லை, ஐந்து பொருள்கள் வரை பிரித்துப் போடலாம். தேறியது என்று சான்று தரும் அரசு அமைப்பும் கிடையாது, தயாரிப்பாளரே சோதித்துத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வதுதான். சோதனையைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் ஒட்டுப்பலகை மேல் நின்று வேலை பார்ப்பதில்லை.

அதனால் நாங்கள் இரண்டு தளங்களை எடுத்துக்கொண்டோம்: வழவழப்பான சிமென்ட் தரை, ஜல்லித்துகள் கிடக்கும் மொட்டைமாடி. இரண்டு உயரங்கள்: இடுப்புக்கு 1 மீட்டர், காதுக்கு 1.5 மீட்டர். நான்கு கவர்கள்: பழைய மெல்லிய கவர், மூலையில் காற்றுப்பை வைத்த டிபியு கவர், நான் வாங்கிய இரண்டடுக்குக் கவர், முன்பக்கத்திலும் மூடி உள்ள முழுக்கவசக் கவர். ஒவ்வொரு முறையும் திரையின் மேல் புது டெம்பர்ட் கிளாஸ் (பாதுகாப்புக் கண்ணாடி) ஒட்டி, தரையில் சாக்பீஸ் பொடியைத் தடவிவிட்டுப் போட்டோம். எந்த இடம் தரையைத் தொட்டது என்பதைப் பொடியே காட்டிக்கொடுத்துவிடும். சாக்பீஸ் யோசனை எங்கள் பிளம்பருடையது, இந்தச் சோதனையிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான்.

கணக்கு என்னவோ எளிதுதான். 1 மீட்டரிலிருந்து விழும் ஃபோன் தரையைத் தொடும்போது வினாடிக்கு சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் முழுவதும் 1 மி.மீ. தூரத்துக்குள் அடங்கினால் ஃபோன் தாங்குவது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 1000 மடங்கு, அதுவே 3 மி.மீ. அமுங்கி அடங்கினால் மூன்றில் ஒரு பங்கு. கவர் செய்யும் வேலை அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டரைக் கொடுப்பதுதான். அதனால் கெட்டியாக இருக்கும் கவர் நல்ல கவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அமுங்குவதற்கு அதற்குள் இடம் இருக்க வேண்டும்.

மெல்லிய கவர் மூலையில் விழுந்தபோது முழுதாக நசுங்கி, ஃபோனின் உலோகச் சட்டத்திலேயே பள்ளம் விழுந்தது. காற்றுப்பைக் கவர் மூலையில் விழுந்தால் அருமையாகத் தாங்கியது, நீள விளிம்பில் விழுந்தபோது அதன் பக்கவாட்டுக்கும் மெல்லிய கவருக்கும் வித்தியாசமில்லை. இரண்டடுக்குக் கவர் எல்லாப் பக்கத்திலும் ஓரளவு ஒரே மாதிரி தாங்கியது, ஆனால் ஆறாவது ஏழாவது முறைக்கு மேல் வெளி ஓடு ஒரு மூலையில் பிரிந்து எழும்பியது, அழுத்தினால் திரும்ப உட்கார்ந்துகொண்டது. முழுக்கவசம் எல்லாவற்றையும்விடச் சிறப்பாகத் தாங்கியது என்பதில் சந்தேகமில்லை.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கவரின் முன்விளிம்பு திரையைவிடச் சற்று உயர்ந்து நிற்கும், குப்புற விழுந்தால் திரை தரையைத் தொடாமல் இருப்பதற்காக. நாங்கள் பார்த்தவற்றில் அந்த உயரம் ஏறக்குறைய 1 மி.மீ. டெம்பர்ட் கிளாஸ் 0.33 மி.மீ., அதன் அடியில் பசை. ஒட்டி முடித்தால் அந்த உயரத்தில் பாதிதான் மிச்சம். சிமென்ட் தரையில் அதுவே போதுமானதாக இருந்தது, கண்ணாடியில் பொடி படவில்லை. மொட்டைமாடியில் நிலைமை தலைகீழ். முன்பக்கம் மூடாத மூன்று கவர்களிலும் ஒரு சின்ன ஜல்லி விளிம்புக்கு நடுவே புகுந்து நேராகக் கண்ணாடியைத் தொட்டது, சாக்பீஸ் புள்ளி அரிசி அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது, அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. கல்லின் மேல் குப்புற விழும் ஃபோனுக்கு விளிம்பு எந்த உதவியும் செய்யாது. அங்கே அடி வாங்கிக்கொள்வது டெம்பர்ட் கிளாஸ்தான்.

இரண்டு ஃபோன்களில் செய்த சோதனை இது, திரையும் ஏற்கெனவே உடைந்தது. எந்தக் கவர் எவ்வளவு மேல் என்று இதிலிருந்து எண்ணாகச் சொல்ல முடியாது. எது எங்கே கைவிடுகிறது என்பதைப் பார்க்க இது போதும்.

இடுப்புச் சோதனை

ஃபோனை இடுப்பில் தாங்கும் மூன்று வகை ஹோல்ஸ்டர்களை எடுத்துக்கொண்டோம்: பழைய கிளிப் தாங்கி, காந்த மூடி உள்ள கிடைமட்டப் பவுச், வெல்க்ரோ மூடி உள்ள நெட்டுக்குத்தான நைலான் பவுச். ஒவ்வொன்றையும் முழுக்கவசம் தவிர மற்றக் கவர்களோடு ஜோடி சேர்த்து, ஆளுக்கு ஒரு வாரம் வீதம் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். முழுக்கவசத்தை முன்னாலேயே கழித்துவிட்டோம். கையுறை போட்ட விரலுக்கு அதன் மூடி வேலை செய்யவில்லை, எதிர்முனையில் குரல் அடைத்துக் கேட்டது, முதல் நாள் மாலைக்குள் மூன்றில் இரண்டு பேர் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார்கள்.

வார வேலைக்கு வெளியே ஒரு சின்னச் சோதனையும் வைத்தோம். கையுறையோடு, கண்ணால் பார்க்காமல், ஒரு கையால் 20 முறை உள்ளே வைக்க வேண்டும். கிளிப் தாங்கியில் மெல்லிய கவரோடு 4 முறை பொய்யான 'டக்'. இரண்டடுக்குக் கவரோடு 9 முறை. அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டிருந்தபோது, இதையா மூன்று வாரமாக இவர்களைப் போட்டுக்கொள்ளச் சொன்னோம் என்று மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

காந்த மூடிப் பவுச் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மூடி தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது, எடுப்பதும் வேகம். ஆனால் குந்தி உட்காரும்போது தொடை பவுச்சின் அடியை மேலே தள்ளுகிறது, ஃபோன் எழும்பி மூடியைத் திறந்துவிடுகிறது. ஃபோனின் திசைகாட்டியும் அதில் வைத்து எடுத்த கொஞ்ச நேரத்துக்குத் தப்பாகக் காட்டியது. நான் எதிர்பார்க்காத ஒன்றை எலெக்ட்ரீஷியன் கொண்டுவந்து காட்டினார். இரும்புப் பெட்டியில் துளை போட்டதில் பறந்த துகள்கள் காந்தத்தில் மீசை மாதிரி முளைத்து நின்றன, கேமராக் கண்ணாடி தினமும் பல தடவை அதில் உரசிக்கொண்டு போய்வருகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஃபோனையும் ஸ்மார்ட் வாட்சையும் அதிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்வதற்கும் காந்தம்தான் காரணம். எங்கள் குழுவில் அப்படி யாரும் இல்லை, ஆனால் இது ஆள் மாறினால் கை மாறும் பொருள்.

நைலான் பவுச்சைப் பற்றித்தான் புகார் அதிகம் வந்தது. வெல்க்ரோ 'கர்ர்ர்' என்று சத்தம் போடுகிறது, எடுக்க நேரமாகிறது, கிளிப் இல்லாமல் பெல்ட்டையே கோத்துப் போடும் வளையம் என்பதால் காலையில் மறந்தால் பெல்ட்டை முழுதாகக் கழற்ற வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் 20க்கு 20 முறையும் ஃபோன் உள்ளே போனது, மூடியை மறந்தாலும் ஃபோனின் முக்கால் உயரம் பவுச்சுக்குள் இருந்தது. ஏணி, வண்டி, தவழ்ந்து போகும் குழாய்ச் சந்து எதிலும் பெல்ட்டை விட்டு வரவில்லை.

முடிவும் காரணமும்

இரண்டடுக்குக் கவர், டெம்பர்ட் கிளாஸ், நைலான் பவுச். இது ஒரு தொகுதி, தனித்தனியாக மாற்றக் கூடாது என்று எழுதி வைத்தோம். காற்றுப்பைக் கவரைத் தேர்ந்தெடுக்காததற்கு ஒரே காரணம், துருத்தி நிற்கும் அதன் மூலைகள் பவுச்சின் வாயில் சிக்கி, பார்க்காமல் வைக்கும்போது ஒவ்வொரு முறையும் தயங்கவைத்ததுதான். வெறும் கவராக மட்டும் பார்த்திருந்தால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

பவுச் இடுப்பின் முன்பக்கம் இல்லாமல், இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும் என்றோம். குனியும்போது வயிற்றில் குத்தாது, ஏணிப்படியிலும் இடிக்காது. திரை உடல் பக்கம். ஏணியில் ஏறுபவர் ஃபோனை இழுகயிற்றால் பெல்ட்டோடு பிணைத்துக்கொள்ள வேண்டும், சுழலும் எந்திரத்தின் பக்கத்தில் போகும்போது அதே கயிற்றைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். இந்த இரண்டாவது விதியைச் சேர்க்கச் சொன்னது ஏசி மெக்கானிக், ஃபேன் பிளேடு பக்கத்தில் தொங்கும் கயிறு என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும்.

விழுந்தால் உடையாவிட்டாலும் சொல்ல வேண்டும், யாரும் திட்ட மாட்டார்கள் என்றும் சொன்னேன். சுவரில் ஒரு தாள் ஒட்டினோம்: தேதி, எங்கே, கை என்ன செய்துகொண்டிருந்தது.

அடுத்து நடந்தது

அடுத்த ஆறு மாதத்தில் அந்தத் தாளில் 5 வரிகள் ஏறின. உடைந்தது ஒரு திரை. ஏணியிலிருந்து எதுவும் விழவில்லை.

அந்த ஒரு திரை உடைந்த கதை முக்கியம். உச்சி வெயிலில் மொட்டைமாடி வேலை, தடித்த கவர், மூடிய பவுச். ஃபோன் சூடாகி, திரை மங்கி, வெப்ப எச்சரிக்கை வந்துவிட்டது. பெரும்பாலான ஃபோன்கள் 35 டிகிரி வரையிலான சுற்றுவெப்பத்துக்கே செய்யப்பட்டவை, நாங்கள் வைத்திருந்த இடம் அதைவிடச் சூடு. ஆறட்டும் என்று அங்கே வேலை பார்த்தவர் கவரைக் கழற்றினார், அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது, வெறும் ஃபோன் வியர்த்த கையிலிருந்து நழுவியது. அவர் செய்ததில் தப்பில்லை. சூட்டைச் சோதிக்காமல் விட்டது நான். அதன் பிறகு பவுச்சின் வெளிப்பக்கம் வலைத்துணியாக இருக்கும் வகைக்கு மாறினோம், மொட்டைமாடி வேலைக்குப் போனால் ஃபோனை நிழலில் கருவிப் பெட்டிக்குள் வைப்பது என்றும் ஆனது.

மணி கேட்காத சிக்கலும் வந்தது. பவுச்சுக்குள் ஸ்பீக்கர் கீழே போய்விடுவதால் இரண்டு அவசர அழைப்புகள் தவறின. ஃபோனைத் தலைகீழாக வைத்தால் ஸ்பீக்கர் மேலே வருகிறது, நன்றாகக் கேட்கிறது, ஆனால் சார்ஜ் துளையும் மேலே வந்து மரத்தூளும் சிமென்ட் தூசியும் அதில் இறங்குகின்றன. துளைக்கு ஒரு ரப்பர் அடைப்பான் போட்டோம். அடைப்பான் தொலைந்துபோகிறது, இதற்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை.

அப்புறம் மணல். நைலான் பவுச்சின் அடித் தையலில் மணல் தங்குகிறது, அது கவருக்குள்ளும் ஏறுகிறது. ஃபோன் கண்ணாடியில், கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 6, 7 கடினமுள்ள பொருள் கீறல் போடும், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. டெம்பர்ட் கிளாஸ் பெட்டியில் போட்டிருக்கும் '9எச்' வேறு அளவு, அது பென்சிலால் கீறிப் பார்த்துச் சொல்லும் கடினம், மணலுக்கு எதிரான உறுதி இல்லை. ஒரு ஃபோனின் கவரைக் கழற்றியபோது, விழாமலே, பின்பக்கம் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல இருந்தது. இப்போது வாரம் ஒருமுறை கவரைக் கழற்றித் துடைப்பதும் பவுச்சை உள்வெளியாகத் திருப்பி உதறுவதும் வேலையில் சேர்ந்துவிட்டது.

திரும்பச் செய்தால் மாற்றுவது

ஆட்களிடம் கேட்பதைத்தான் முதலில் செய்வேன், வாங்குவது அதற்குப் பிறகு. அந்த மூன்று வாரமும் ஆறாவது திரையும் மிச்சமாகியிருக்கும். உடைந்ததை மட்டும் எண்ணாமல் விழுந்ததையும் முதல் நாளிலிருந்தே எண்ணுவேன், ஐந்து உடைப்பு சொல்லாததைப் பதினான்கு விழுதல் சொல்லிவிட்டது. கையுறைச் சோதனையைக் கடைசியில் இல்லாமல் தொடக்கத்திலேயே வைப்பேன். எளிதில் செய்யக்கூடியது, பாதி வகைகளை அதுவே கழித்துவிடும். ஃபோனைப் பவுச்சோடு வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்ப்பேன்.

புதுக் கவரை மட்டும் சோதித்ததும் குறைதான். ஆறு மாதம் ஓடிய டிபியு மூலைகளில் தளர்ந்து, ஃபோனுக்கும் கவருக்கும் நடுவே நகம் போகும் அளவுக்கு இடைவெளி வந்திருக்கிறது. பழைய கவர் இரண்டை எடுத்து அதே சாக்பீஸ் சோதனையை மறுபடி செய்யப்போகிறோம். வெல்க்ரோவும் பஞ்சும் நூலும் அடைந்து பிடியை இழந்து வருகிறது. ஒன்பதில் இரண்டு பவுச்சுகளின் மூடி குனிந்தாலே திறந்துகொள்கிறது, அவற்றை இந்த வாரம் மாற்றுகிறோம்.